கூரை ஒரு வண்டிக்குத்தான்: 1972 240இசட்டா, புது இசட்டா?

சோக்கிழுத்தவன்

பன்னிரண்டு வருடமாக என்னிடம் ஒரு 1972 டட்சன் 240இசட் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது, நிஸான் அன்று டட்சன் என்ற பெயரில் விற்றது. போன மாதம் அக்கா மகன் புது நிஸான் இசட் எடுத்தான், ஆறு கியர் மேனுவல். ஞாயிறு விடிகாலையில் இருவரும் சாவியை மாற்றிக்கொண்டு ஒரே மலைச்சாலையில் ஏறி இறங்கினோம். நாற்பது நிமிட ஓட்டம். கீழே வந்ததும் அவன் என் வண்டியை விட்டு இறங்கி, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, “நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா தினமும் இதோட மல்லுக்கட்ட முடியாது” என்றான்.

அவனுடைய வண்டியிலிருந்து இறங்கிய எனக்கு வேர்க்கக்கூட இல்லை. அவனை விட வெகு சீக்கிரம் கீழே வந்துவிட்டேன். ஆனால் எந்த வளைவில் எந்தக் கியர் போட்டேன் என்று கேட்டால் பாதி நினைவில் இல்லை. மூன்று நாளாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், வீடு மாறுகிறோம். புது இடத்தில் ஒரு வண்டிக்குத்தான் கூரை. வீட்டு வண்டி எப்படியும் வெளியில் நிற்கும், அது போகட்டும். கூரைக்கடியில் நிற்கப்போவது எது? பழையதை விற்றுவிட்டு அவனுடையது போலவே ஒன்று வாங்கிவிடலாமா என்று ஓர் எண்ணம்.

கணக்கு எனக்கும் தெரியும். பழையது 2393 சிசி, வரிசை ஆறு சிலிண்டர், 151 எச்பி (குதிரைத்திறன்), எடை 1,050 கிலோவுக்குப் பக்கம். புதியது 3 லிட்டர் வி6, இரண்டு டர்போ, 400 எச்பி, ஏறக்குறைய 1,590 கிலோ. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட பழையதற்கு எட்டு ஒன்பது விநாடி ஆகும், புதியதற்கு அதில் பாதி. தாளில் பார்த்தால் பேச்சே இல்லை. தாளை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

டர்போதம்பி

அண்ணே வணக்கம். இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். பழையது நண்பருடையது, ஒரு மதியம் முழுக்க என் கையில் இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், புதியதை வாங்குங்கள்.

பழைய வண்டியைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் ஒன்றை மறைக்கிறார்கள். அது நின்றால்தான் ஓடும். அதாவது நாலு நாள் பட்டறையில் நின்றால் ஒரு நாள் ரோட்டில் ஓடும். புது இசட்டை மழையில் எடுக்கலாம், இரவில் எடுக்கலாம், கூட ஒருவரை உட்காரவைத்து முந்நூறு கிலோமீட்டர் போய், இறங்கும்போது முதுகைப் பிடித்துக்கொள்ளாமல் நடக்கலாம். வேர்க்கவில்லை என்று குறை சொல்கிறீர்கள். வேர்க்காமல் இருக்கத்தானே ஐம்பது வருடம் உழைத்திருக்கிறார்கள்?

ஃபீலர்கேஜ்

முதலில் ஒரு திருத்தம். அந்த 151 எச்பியை இன்றைய 400-உடன் நேருக்கு நேர் வைக்காதீர்கள். அது கிராஸ் கணக்கு. அதாவது இன்ஜினைத் தனியாகக் கழற்றி மேடையில் ஏற்றி, ஏர்ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகளை விலக்கி அளப்பது. அமெரிக்க கம்பெனிகள் 1972 மாடலிலிருந்து, அந்தச் சுமைகளோடு சேர்த்து அளக்கும் நெட் கணக்குக்கு மாறின. இன்றைய முறையில் அளந்தால் 240இசட்டின் எல்24 இன்ஜின் 151-க்குக் கணிசமாகக் கீழேதான் நிற்கும். ஆக, வித்தியாசம் நீங்கள் நினைப்பதை விடப் பெரியது.

இப்போது மற்றொரு பக்கம். டர்போதம்பி, நின்றால்தான் ஓடும் என்பது ஒழுங்காக வைத்துக்கொள்ளாத வண்டிக்குப் பொருந்தும். எல்24 கெட்டி இன்ஜின். வார்ப்பிரும்பு பிளாக், ஏழு மெயின் பியரிங், தலையில் ஒரே கேம்ஷாஃப்ட், பெல்ட் கிடையாது, செயின். பன்னிரண்டு வால்வு. குளிர்ந்த இன்ஜினில் உள்வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர் இடைவெளி, வெளிவால்வுக்கு 0.25. இரண்டு ஸ்பேனர், அந்த இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஒரு ஃபீலர் கேஜ், ஒரு மணி நேரம். அவ்வளவுதான் டேப்பட் வேலை.

உயிரை வாங்குவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர். ஹிட்டாச்சி, எஸ்யூ வகை, இரண்டு. ஒவ்வொன்றும் மூன்று சிலிண்டருக்கு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதற்கென்று மீட்டர் இருக்கிறது. ஆனால் நான் பழகியது ரப்பர் குழாயில்: ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கார்புரேட்டர் வாயருகே கொண்டுபோனால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுக்கும். முன்னதுக்கும் பின்னதுக்கும் அந்த ‘ஸ்ஸ்ஸ்’ ஒரே சுருதியில் வரும்வரை திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். சுருதி சேர்ந்த கணத்தில் ஐடிலிங் அப்படியே வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். அந்தக் கணத்துக்காகவே சிலர் இந்த வண்டியை வைத்திருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

சோக்கிழுத்தவனுக்கு ஒரு கேள்வி. உங்களுடையது 1972 என்றால் மேல்பகுதி உருண்டையான கார்புரேட்டர்தானே? 1973-இல் வந்த தட்டையான வகையாக இருந்தால் பேச்சை வேறு மாதிரி தொடங்க வேண்டும்.

சோக்கிழுத்தவன்

உருண்டைதான் அண்ணே. தப்பித்தேன்.

துருவாசர்

இன்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 240இசட்டைக் கொன்றது இன்ஜின் அல்ல. தகரம்.

அந்தக் காலத்துத் தகரம் மெல்லியது, இரட்டைத் தகரம் சேரும் இடங்களுக்கு உள்ளே பாதுகாப்புப் பூச்சு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் சல்லடையில் விழும் மழைத்தண்ணீர் ஃபெண்டருக்குப் பின்னால் இறங்குகிறது. கூடவே இலை, மண். அது அங்கே தங்கி, ஈரம் காயாமல், கதவுக்குக் கீழேயுள்ள பெட்டியை உள்ளிருந்தே தின்கிறது. வெளியே பெயிண்ட் பளபள என்று இருக்கும். பேட்டரித் தட்டின் அடி, கால் வைக்கும் தரை, தரைக்கடியில் நீளமாக ஓடும் இரும்புச் சட்டம், பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள மூலை, டிக்கிக் கதவின் கீழ் விளிம்பு. இந்த ஐந்தையும் பார்க்காமல் 240இசட் வாங்குகிறவன் வண்டி வாங்கவில்லை, பெயிண்ட் வாங்குகிறான்.

என் கதை. ஒரு பட்டறையில் தரையைச் சரிசெய்யக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் புத்தம்புதிதாகத் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் ஒட்டியது. நடுவில் வழுக்கிக்கொண்டு விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி. சுரண்டினால், பழைய துருவை எடுக்கவே இல்லை. அதன் மேல் தகரத்துண்டை வைத்து நான்கு புள்ளி வெல்டிங் அடித்து, பட்டி தடவி, கறுப்பு ரப்பர் பெயிண்ட் பூசியிருந்தார்கள். அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பெயர்.

எனவே சோக்கிழுத்தவனே, உமது வண்டி கூரைக்கு வெளியே ஒரு மழைக்காலம் நின்றால் மேலே உள்ள விவாதம் எல்லாம் வீண். கவர் போட்டு மூடி வைப்பேன் என்று சொல்லாதீர். கவருக்குள் ஈரம் அடைபட்டால் திறந்து வைப்பதை விட மோசம்.

டர்போதம்பி

முனிவர் வந்துவிட்டார். இனி யாருக்கும் வரம் கிடையாது.

பின்சக்கரம்

இழையைத் தொடங்கியவர் எழுதியதில் ஒரு வரியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எந்த வளைவில் எந்தக் கியர் போட்டேன் என்று நினைவில்லை என்றாரே, அதற்குக் காரணம் டயரில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

240இசட் பிறக்கும்போது மாட்டியிருந்த டயரின் அகலம் 175 மில்லிமீட்டர், 14 அங்குலச் சக்கரம். இன்று சாதாரண வீட்டு வண்டியிலேயே அதைவிட அகலமாக வருகிறது. புது இசட்டின் பெர்ஃபார்மன்ஸ் ரகத்தில் முன்னால் 255, பின்னால் 275, 19 அங்குலம். அதாவது புதியதில் பிடிமானம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள நீங்கள் ஓட்ட வேண்டிய வேகம், பொதுச் சாலையில் ஓட்டக்கூடாத வேகம். மலைச்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டியும் அந்த வண்டி உங்களிடம் ஒரு கேள்வி கூடக் கேட்டிருக்காது. கேள்வி கேட்காத பரீட்சையை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

பழையதில் அப்படியில்லை. ஈரமான வளைவு, இரண்டாவது கியர், ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே. ஆக்சிலரேட்டரைச் சற்று முன்னதாக மிதித்தால் பின்பக்கம் ஒரு சாண் வெளியே நகரும். பயப்பட நேரமிருக்கிறது, திருத்தவும் நேரமிருக்கிறது. பவர் உதவி இல்லாத ஸ்டீரிங் என்பதால் முன்டயர் பிடியை விடப்போகிறது என்றால், விடுவதற்கு ஒரு நொடி முன்பே ஸ்டீரிங் கையில் லேசாகிவிடும். டயர் தன்னை நேராக்கிக்கொள்ளத் தள்ளும் விசை, வழுக்கலுக்கு முன்பே குறையத் தொடங்கிவிடுவதால் வரும் லேசு அது. மின்மோட்டார் உதவும் ஸ்டீரிங்கில் இந்தச் செய்தி வருகிறது, ஆனால் தபாலில் வருகிறது.

டர்போதம்பி

பின்சக்கரம் அண்ணே, எழுத்து அழகு. ஆனால் சொல்வது என்ன? டயர் பிடிக்கவில்லை, அதனால் சுகம் என்கிறீர்கள். அந்த ஈரமான வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் வந்தால்? பழையதில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது, காற்றுப்பை கிடையாது. புதியதில் முன்னால் நான்கு பிஸ்டன் கேலிப்பர், வண்டி நழுவினால் திருத்தும் மின்னணு, நீங்கள் கவனிக்காவிட்டால் தானே மிதிக்கும் பிரேக். அந்த ஒரு சாண் நகர்வதை ரசிப்பது நீங்கள் மட்டும் இருக்கும் சாலையில் சரி.

சோக்கிழுத்தவன்

தம்பி சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. நானே அனுபவப்பட்டவன். நாலு வருடம் முன்பு, தூறல். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. மிதித்தேன், முன்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. சக்கரம் சுற்றவில்லை, வண்டி மட்டும் சத்தமே இல்லாமல் சறுக்கிக்கொண்டு போகிறது. ஸ்டீரிங்கைத் திருப்பினேன், திரும்பவில்லை. அப்புறம்தான் மூளை வேலை செய்தது. காலை எடுத்து, மறுபடி மெதுவாக மிதித்து, ஓரமாக வளைத்து நிறுத்தினேன். லாரியின் பின் பம்பர் என் பானட்டுக்கு அரை அடி மேலே நின்றது. 240இசட்டின் பானட் எவ்வளவு தாழ்வு என்று உங்களுக்குத் தெரியும். இன்னும் ஒரு முழம் போயிருந்தால் பம்பர் மோதியிருக்காது, நேராகக் கண்ணாடிக்கு வந்திருக்கும்.

இருந்தும் வண்டியை விற்கவில்லை. அது முட்டாள்தனமா என்று கேட்டால், இருக்கலாம்.

ஃபீலர்கேஜ்

ஏபிஎஸ் கொண்டுவர முடியாது. ஆனால் பிரேக்கைத் தேற்றலாம். டொயோட்டா நான்கு சக்கர ஓட்டப் பிக்கப்பின் நான்கு பிஸ்டன் கேலிப்பரை 240இசட்டின் முன்பக்கம் மாட்டுவது ரொம்ப நாளாக நடக்கிற வேலை. பூட்டாமல் மிதிக்கும் கால் என்ன விலைக்கும் கிடைக்காது, அது பழக்கத்தில் வருவது. லாரிச் சம்பவத்தில் உங்கள் கால் அதைக் கற்றுக்கொண்டது.

எடையையும் மறக்காதீர்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் புது வண்டி சுமந்து வரும் இயக்க ஆற்றல் பழையதைப் போல ஒன்றரை மடங்கு. அந்தப் பெரிய பிரேக்கில் ஒரு பங்கு அந்த எடையை நிறுத்தவே செலவாகிறது. எடை கூடினால் டயர் பெரிதாகும், டயர் பெரிதானால் சக்கரம், சக்கரத்துக்கேற்ற பியரிங், அதற்கேற்ற சஸ்பென்ஷன். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போகும்.

இலேசானவன்

ஆனால் எடை கூடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இன்றைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஏறக்குறைய 1,060 கிலோ. காற்றுப்பை, ஏபிஎஸ், நழுவல் திருத்தம் எல்லாவற்றோடும் கிட்டத்தட்ட உங்கள் 240இசட் எடை. 2 லிட்டர் இன்ஜினில் 181 எச்பி, அதுவும் நெட் கணக்கில். அது திறந்த வண்டி, நிலையான மேல்கூரையுள்ளது வேண்டும் என்றால் டொயோட்டா ஜிஆர்86, 2.4 லிட்டர், 228 எச்பி, 1,280 கிலோ அளவில். டர்போவும் இல்லை. பழைய சுகம், புதிய பாதுகாப்பு. ஏன் இந்த இரண்டு இசட்களுக்கு நடுவில் மட்டும் மாட்டிக்கொண்டு தவிக்கிறீர்கள்?

சோக்கிழுத்தவன்

எம்எக்ஸ்-5-இல் உட்கார்ந்து பார்த்தேன். என் முழங்கால் ஸ்டீரிங்குக்குக் கீழே நுழையவில்லை. மனைவி பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஜிஆர்86 நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் மனசு போகவில்லையே. இந்த விஷயத்தில் மனசுக்கு ஓட்டு இல்லை என்றால் எல்லோரும் வீட்டு வண்டியிலேயே போய்விடலாம்.

வரலாற்றுப்பைத்தியம்

மனசு என்றதும் நுழைகிறேன். 1969-இல் இந்த வண்டி ஜப்பானில் வந்தபோது அதன் பெயர் ஃபேர்லேடி இசட். அமெரிக்காவில் நிஸானை நடத்திக்கொண்டிருந்த யுடாகா கதயாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, அங்கே அது 240இசட் ஆனது. இன்னொன்று, நம்மில் பலர் மறந்தது: கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த 1973 சஃபாரி ராலியை ஜெயித்தது ஒரு 240இசட்தான், ஓட்டியவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஷேகர் மேத்தா. இன்னொரு டட்சனோடு தண்டனைப் புள்ளிகள் சமமாகி, சமன்முறி விதியில் கிடைத்த வெற்றி. 1971-லும் அந்த ராலி 240இசட்டுக்குத்தான். சேறு, கல், ஆறு எல்லாவற்றிலும் ஓடிய வண்டியை இங்கே ஒருவர் ‘நின்றால்தான் ஓடும்’ என்கிறார்!

1990-களின் இறுதியில் நிஸானே அமெரிக்காவில் பழைய 240இசட்களைத் திரும்ப வாங்கி, புதுப்பித்து, தன் ஷோரூம்களிலேயே விற்றது. தயாரித்தவர்களுக்கே புதிதாக ஒன்று செய்வதை விட அது சரியாகப் பட்ட காலம் இருந்தது.

டர்போதம்பி

ராலியில் கூடவே ஒரு லாரி நிறைய உதிரிபாகமும் மெக்கானிக்கும் வந்தார்கள். அதையும் எழுதுங்கள்.

அக்காமகன்இசட்

மாமா, இந்த இழையின் லிங்க்கை அத்தைதான் அனுப்பினார்கள். மாட்டிக்கொண்டீர்கள்.

நான் சொன்னதைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், மீதியைச் சொல்கிறேன். கை வலித்தது உண்மை. வண்டியை நிறுத்தும்போது ஸ்டீரிங்கைத் திருப்புவது மாவாட்டுவது போல இருந்தது, அதுவும் உண்மை. புகை நாற்றம் வேறு. நெடி தாங்காமல் ஜன்னலைத் திறந்தேன், இன்னும் அதிகமாக வந்தது. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றியபோதும் பெட்ரோல் வாசம். நூற்றியிருபதைத் தொட்டபோது மூக்கு லேசாகத் தூக்குவது போல் ஓர் உணர்வு, அதற்கு மேல் போகத் தைரியம் வரவில்லை.

ஆனால் இரண்டு விஷயம் நான் உங்களிடம் சொல்லவில்லை.

ஒன்று, கண்ணாடி. என் வண்டியில் முன்தூண் இருக்கும் தடிமனுக்கு இடது வளைவில் வருகிற ஆளே மறைந்துவிடுகிறார், தலையை முன்னே பின்னே ஆட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்களுடையதில் தூண் இரண்டு விரல் அகலம்தான். வளைவு முழுக்கக் கண்ணில் இருந்தது. தடித்த தூண் எதற்கு என்று தெரியும், வண்டி உருண்டால் நசுங்காமல் இருக்க. தெரிந்தும் அந்த வெளிச்சம் பிடித்திருந்தது.

இரண்டு, டேஷ்போர்டு நடுவில் இருக்கும் மூன்று வட்ட மீட்டர். என்னுடையதிலும் அதே இடத்தில் அதே மாதிரி மூன்று, உங்கள் வண்டியைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். என்னுடையதில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), டர்போ சுழலும் வேகம், வோல்ட். வாங்கி ஒரு மாதமாகிறது, அவற்றைப் பார்த்து நான் ஒரு முடிவு கூட எடுத்ததில்லை. உங்களுடையதில் ஏற்றத்தில் பாதி வழியில் ஆயில் பிரஷர் முள் கீழே வருவது போலத் தெரிந்தது. உடனே கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை ஏற்றினேன், முள் எழுந்தது. சரியா தவறா தெரியவில்லை. ஆனால் வண்டி ஏதோ சொன்னது, நான் ஏதோ செய்தேன்.

ஃபீலர்கேஜ்

சரிதான் தம்பி. சூடான எண்ணெய் இளகும், ஆர்பிஎம் குறைந்தால் பம்ப்பும் மெதுவாகும், முள் இறங்கும். இன்ஜின் தடுமாறும் ஆர்பிஎம்மில் மேட்டை ஏறாமல் கியரைக் குறைத்தது நல்ல காரியம். யார் சொல்லிக்கொடுத்தது?

அக்காமகன்இசட்

யாரும் சொல்லவில்லை. பயத்தில் செய்தேன்.

பின்சக்கரம்

சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே தம்பி?

அக்காமகன்இசட்

என்னுடையதில் ஸ்பீக்கர் வழியாகவும் இன்ஜின் சத்தத்தைக் கூட்டித் தருகிறார்கள். வாங்கும்போது தெரியாது. தெரிந்த நாளிலிருந்து, கேட்கும்போதெல்லாம் இதில் எவ்வளவு நிஜம் என்று ஒரு சந்தேகம். மாமா வண்டியில் சத்தம் கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் சந்தேகம் இல்லை.

அதற்காக என் வண்டியை விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாவது கியரில் டர்போ இரண்டும் சேர்ந்து தள்ளும்போது முதுகு சீட்டில் ஒட்டுகிறதே, அது வேறு ரகம்.

ஃபீலர்கேஜ்

புகை நெடிக்கு வைத்தியம் சொல்கிறேன். இந்த வண்டியின் பிறவிக் குறை அது. பின்பக்கம் சரிவாக இறங்குவதால் ஓடும்போது டிக்கிக் கதவுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை அங்கேயே சுழலும். இடுக்கு கிடைத்தால் உள்ளே வரும். ஜன்னலைத் திறந்தால் உள்ளேயும் அழுத்தம் குறைந்து இன்னும் இழுக்கும், அதனால்தான் தம்பிக்கு நாற்றம் அதிகமானது. டிக்கிக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர், பின்விளக்குகளுக்குப் பின்னாலுள்ள கேஸ்கெட், ஸ்டெப்னி குழியின் ரப்பர் மூடி, மூன்றையும் மாற்றுங்கள். இரவில் ஒருவர் உள்ளே டார்ச்சுடன் படுத்து, வெளியே ஒருவர் நின்று எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்த்தால் ஓட்டை பிடிபடும். இது அழகு விஷயமில்லை, அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

புதியதை வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புது இசட்டின் டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் உள்வால்வின் முதுகைக் கழுவ ஆளில்லை, கரி படியும். சாவி முதல் இன்ஜினை நடத்தும் கணினியான இசியு வரை ஒன்றோடொன்று பதிவு செய்யப்பட்டவை, ஒரு பெட்டி போனால் இன்னொரு வண்டியிலிருந்து அப்படியே கழற்றி மாட்ட முடியாது. இப்போது பிரச்சினை இல்லை, கம்பெனி இருக்கிறது, பாகம் இருக்கிறது. முப்பது வருடம் கழித்து மீட்டர்கள் தெரியும் அந்த 12.3 அங்குலத் திரை கறுத்துப் போனால் அதற்கு ஃபீலர் கேஜ் கிடையாது. பழையதற்குத் தகரம் எமன் என்றால் புதியதற்குத் திரை எமனாக இருக்கும் என்பது என் கணிப்பு, தவறாகவும் போகலாம்.

துருவாசர்

புதியதும் தகரம்தான். ஆனால் துத்தநாகம் பூசிய தகரம். இதில் மட்டும் நான் டர்போதம்பி கட்சி.

டர்போதம்பி

முனிவரின் ஆசி கிடைத்துவிட்டது. இழையைப் பூட்டலாம்.

சோக்கிழுத்தவன்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நேற்றிரவு அக்கா மகனை டார்ச்சுடன் டிக்கிக்குள் படுக்கவைத்துப் பார்த்தோம். இடது பின்விளக்குக்கு மேலே நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி, கதவின் கீழ் மூலையில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. மூலையைத் தொட்டேன், தகரம் விரலில் பொடியாக வந்தது. துருவாசரே, எழுதிவிட்டேன், திட்டுங்கள். கேஸ்கெட் போட்டாயிற்று, ரப்பர் வரவேண்டும். மூலைக்கு வெல்டிங் தேவைப்படும். இந்த முறை பழைய தகரத்தை வெட்டி எடுப்பதை நானே பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

விற்பதா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. வீடு மாற ஆறு வாரம் இருக்கிறது. அவன் ஒரு யோசனை சொன்னான்: “மாமா, ஒரு மாசம் வண்டியை மாத்திக்கலாம். நீங்க என்னுடையதை தினமும் ஓட்டுங்க, ஒரு நாள் இல்ல. நான் உங்களுடையதை ஓட்டறேன்.” நியாயம்தான். ஒரு காலை ஓட்டத்தை வைத்து நான் பேசியது பாதி விவாதம். டயர் கேள்வி கேட்கவில்லை என்பதும், தினமும் ஓட்டினால் வேறு மாதிரி இருக்கலாம். அவனுக்கும் மல்லுக்கட்டு பழகலாம், அல்லது மூன்றாவது வாரம் கையெடுத்துக் கும்பிட்டு சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம்.

பின்சக்கரம்

ஒரு மாதம் கழித்து இதே இழையில் எழுதுங்கள், புது இழை வேண்டாம். மழை பெய்தால் யார் எதை ஓட்டினீர்கள் என்பதையும் சேர்த்து.

அக்காமகன்இசட்

மாமா, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அஞ்சு தடவை ஆக்சிலரேட்டரை மிதிச்சேன், பேட்டரி களைச்சுப்போச்சு. போன் எடுக்க மாட்டேங்கறீங்க, அதனால இங்கே கேட்கறேன்.

சோக்கிழுத்தவன்

உன் வண்டியில் இருந்தேன், போன் அதற்குள் எங்கோ இணைந்துகொண்டு பாட்டுப் பாடியது.

ஆக்சிலரேட்டரை மிதித்துப் பயனில்லை, இந்தக் கார்புரேட்டரில் பெட்ரோல் பீய்ச்சும் பம்ப் கிடையாது. காலை எடு. கியருக்குப் பின்னால் இருக்கும் சோக் லீவரை முழுதாக இழு. சாவியைத் திருகு. பிடித்துக்கொண்டதும் லீவரைப் பாதிக்கு விடு. ஒரு நிமிடம் சும்மா இரு, எதையும் தொடாதே. சத்தம் முதலில் தொண்டை கட்டியது மாதிரி இருக்கும், அப்புறம் மெல்லத் தெளியும். தெளியத் தெளிய லீவரை உள்ளே விட்டுக்கொண்டே வா. எவ்வளவு என்று என்னைக் கேட்காதே, கேட்டுக்கொண்டே செய்.

பேட்டரிக்கு சார்ஜர் ஷெட்டில், இடது அலமாரியில் இருக்கிறது.